எழுதப்படாத ஒரு துப்பறியும் நாவல்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஏதாவது ஒரு நாவலைப் பத்திப் பேசுங்க சார், அரசியல் வேண்டாம், அரை மணி நேரம் போதும்" என்றார். எந்த நாவல்? எனக்குத் துப்பறியும் கதை பிடிக்கும். சரித்திரக் கதையும் பிடிக்கும். இரண்டும் கலந்து, நடுவில் ஒரு நீதிமன்றம், பின்னால் ஒரு யுத்தம், யுத்தத்துக்கு நடுவே ஓடுகிற ஒரு ஆறு என்று தமிழில் ஒரு நாவல் வரவேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. எழுதப்பட்ட நாவல்களைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்படாத இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறேன். அதற்கான சரக்கு எங்கெங்கே கிடக்கிறது என்று சொல்கிறேன். அதில் கொஞ்சம் இந்த மலையிலேயே கிடக்கிறது.

முதலில் நம்ம ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும், ஊட்டிக்கு 1908-லும் வந்து சேர்ந்த ரயில். 1984-ல் டேவிட் லீன் என்ற ஆங்கில இயக்குநர் 'எ பாசேஜ் டு இந்தியா' என்ற படத்தை எடுத்தபோது, மராபார் குகைகளுக்குப் போகிற ரயில் காட்சியை இந்தப் பாதையில்தான் படம் பிடித்தார். விக்டர் பானர்ஜி ஓடுகிற வண்டியின் வெளிப்பக்கம் தொற்றிக்கொண்டு, பாலத்தின் மேல் கீழே பள்ளம் தெரிய ஊசலாடுவாரே, அது நம்ம ஊர்ப் பள்ளம். அசெம்பிளி ரூம்ஸில் ஆங்கிலப் படம் பார்த்து வளர்ந்த நம் தலைமுறைக்கு இதையெல்லாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அந்தக் கதை ஈ. எம். ஃபார்ஸ்டர் 1924-ல் வெளியிட்ட நாவல். டாக்டர் அஜீஸ் என்ற இந்தியர் மேல் ஒரு ஆங்கிலப் பெண் குற்றம் சாட்டுகிறாள். வழக்கு நீதிமன்றத்துக்கு வருகிறது. கூண்டில் ஏறிய பிறகு அவளே குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறாள். குகைக்குள் என்ன நடந்தது? நாவல் கடைசிவரை சொல்வதில்லை. துப்பறியும் கதை வாசகனுக்கு இது பெரிய ஏமாற்றம்தான். ஆனால் விடை தெரியாத வழக்குதான் நூறு வருஷம் ஆனாலும் மனசில் கிடக்கிறது, இல்லீங்களா?

நமக்கும் அப்படி ஒரு வழக்கு உண்டு. லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கு. 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் பட்டப்பகலில் கத்திக்குத்து. மறுநாள் ஆஸ்பத்திரியில் மரணம். தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாகி, 1945-ல் ஜூரிகளின் தீர்ப்பால் ஆயுள் தண்டனை பெற்றார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல் விடுதலையானார்கள். குத்தியது யார் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை. நீதிமன்ற நாடகத்துக்கு நமக்குப் பஞ்சமில்லை என்று காட்டத்தான் இதைச் சொன்னேன். மேலும், இந்த வழக்கைத் தமிழ்நாடே டீக்கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த அதே யுத்த வருஷங்களில், வேறொரு ஆற்றங்கரையில் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு லக்ஷ்மிகாந்தனுக்கு வழக்கு நடந்தது. அவர்களுக்கு?

அங்கேதான் வருகிறேன்.

இதே டேவிட் லீன் 1957-ல் இன்னொரு படம் எடுத்தார். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்.' ஏழு ஆஸ்கார் விருது வாங்கிய படம். அந்தச் சீட்டியொலி அணிவகுப்பு இசையை நம் கல்லூரி என்.சி.சி. பையன்கள் வாயிலேயே ஊதிக்கொண்டு போனது இங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும். சயாமில் ஜப்பானியர் போட்ட ரயில் பாதையில், ஆங்கிலேயப் போர்க்கைதிகள் கட்டுகிற ஒரு பாலத்தின் கதை. ஆனால் படத்தில் தெரிகிற ஆறு சயாம் ஆறு அல்ல. இலங்கையில் கித்துல்கல என்ற இடத்தில் ஓடுகிற களனி கங்கை. படத்துக்காகக் கட்டி, படத்துக்காகவே வெடிவைத்துத் தகர்த்த பாலத்தின் அடித்தளம் இன்றும் அங்கே கரையில் இருக்கிறது.

களனி கங்கை நம் மலையில் பலருக்கு அந்நியமான ஆறு இல்லை. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று முடிவானது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களுக்காக 1968-ல் வனத்துறை தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. 1976-ல் அது டான்டீ என்ற கழகமானது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கம் அந்தக் குடும்பங்கள்தான் தோட்டத்தை வளர்த்தார்கள். லயத்தை விட்டு லைனுக்கு வந்தார்கள் என்று என் நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வார். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். ஆக, உலகமே பார்த்த க்வாய் நதி, உண்மையில் உங்கள் தாத்தா பாட்டியின் மலையிலிருந்து இறங்கிய தண்ணீர்.

சரி, அந்த நாவலை எழுதியவர் யார்? பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர். 1912-ல் பிறந்தவர், படிப்பால் எஞ்சினியர். 1936-ல் மலாயாவுக்குப் போய்க் கோலாலம்பூருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தார். மலாயா ரப்பர் தோட்டம் என்றால் பால் வெட்டியது யார் என்று நான் சொல்ல வேண்டுமா? நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய நம் ஜனங்கள்.

யுத்தம் வந்தது. பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்தது. பூல் சிங்கப்பூரில் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, பீட்டர் ஜான் ரூல் என்று பொய்ப்பெயர் வைத்துக்கொண்டு, சீனா வழியாக இந்தோசீனாவுக்குள் நுழையப் பார்த்தார். எப்படி? மூங்கிலைக் கட்டித் தெப்பம் செய்து, நாம் நா என்ற ஆற்றில் இரவு இரவாக மிதந்து போனார். பாறையும் சுழலுமான ஆறு. கரையேறினார், பிடிபட்டார். பிடித்தவர்கள் ஜப்பானியர் அல்ல. அவருடைய நாட்டுக்காரர்கள்தான், விஷி அரசுக்கு விசுவாசமான பிரெஞ்சு அதிகாரிகள். ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி, ஆயுள்காலக் கடுங்காவல் என்று தீர்ப்பளித்தார்கள். 1944-ல் தப்பித்தார். யுத்தகால ஆறு, பொய்ப்பெயர், நீதிமன்றம், சிறை, தப்பித்தல். இத்தனையும் கையில் வைத்திருந்த மனிதர், 1952-ல் நாவல் எழுதியபோது அந்த நீதிமன்றத்தை அதில் வைக்கவில்லை. அதைத் தன் நினைவுக் குறிப்பாகத் தனியே 1966-ல்தான் எழுதினார். நான் அவருக்குப் பதிப்பாசிரியராக இருந்திருந்தால், ஐயா, இரண்டையும் ஒரே அட்டைக்குள் போடுங்கள் என்று காலில் விழுந்திருப்பேன்.

படத்தில் பாலம் வெடித்துச் சிதறும். நாவலில் பாலம் அப்படியே நிற்கும். இன்னொரு வேடிக்கை. பூல் அந்த இடத்துக்குப் போனதில்லை. ரயில் பாதை க்வாய் நொய் ஆற்றை ஒட்டிப் போகிறது என்பதால், பாலமும் அதன் மேல்தான் இருக்கும் என்று எழுதிவிட்டார். நிஜப் பாலம் இருந்தது மே க்ளாங் ஆற்றின் மேல். படம் பார்த்துவிட்டுப் பயணிகள் வந்து க்வாய் பாலம் எங்கே, எங்கே என்று கேட்க ஆரம்பித்தார்கள். தாய்லாந்துக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1960-களில் அந்த ஆற்றுப் பகுதிக்கே க்வாய் யாய் என்று பெயரை மாற்றிவிட்டார்கள்! ஒரு நாவல் ஒரு ஆற்றின் பெயரையே மாற்றியது. கதை எழுதுகிறவனுக்கு என்ன சக்தி என்று கேட்கிற மாணவர்களுக்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

ஆனால் அந்தச் சக்திக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. கதை எதை விட்டுவிடுகிறதோ அது உலகத்தின் கண்ணிலிருந்தும் மறைந்துவிடுகிறது. அந்தப் படத்தில் தமிழன் இல்லை.

இப்போது கொஞ்சம் கணக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன். பர்மாவில் இருக்கும் படைக்குச் சாமான் அனுப்பக் கடல் வழி ஆபத்து. நீர்மூழ்கிக் கப்பல் பயம். அதனால் சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை காட்டையும் மலையையும் அறுத்து 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1942 நடுவில் தொடங்கி, 1943 அக்டோபரில் இரு முனையும் சேர்ந்தது. வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல்; அதில் இறந்தவர்கள் 12,000-க்கு மேல். இது உலகத்துக்குத் தெரிந்த கணக்கு.

ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைப் போல் பல மடங்கு. பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர், தமிழர். மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல் கொண்டுபோனார்கள். அதில் பெரும்பான்மை தோட்டத் தமிழர். யுத்தம் முடிந்தபின் எடுத்த கணக்கிலேயே மலாயாக்காரர்களில் சுமார் 30,000 பேர் இறந்ததாகத் தெரிகிறது. அதைவிட மிக அதிகம் என்கிற மதிப்பீடுகளும் உண்டு. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று முதலில் ஆசை காட்டினார்கள். ஆள் வரவில்லை என்றதும் இலவச சினிமா என்று கூட்டம் சேர்த்து, கதவை அடைத்து லாரியில் ஏற்றிய கதையைப் பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மூடிய சரக்கு வண்டியில் பான் போங் வரை. பிறகு காட்டுக்குள் நடை. சில குடும்பங்கள் பெண்டு பிள்ளைகளோடு போனார்கள்.

இங்கே நாவலாசிரியன் கவனிக்க வேண்டியது ஆறு. மழைக்காலம் வந்ததும் பாதையெல்லாம் சேறு. லாரி போகாது. அரிசி, மருந்து, ஆணி எல்லாமே க்வாய் நொய் ஆற்றில் படகில்தான் வரவேண்டும். முன்னால் ஒரு மோட்டார் படகு, பின்னால் கட்டியிழுக்கும் பாரப்படகுகள். மேலே போகப் போக ரேஷன் குறையும். காஞ்சனபுரியில் பூன் போங் என்ற வியாபாரி காய்கறி விற்கிற சாக்கில் படகில் மருந்தும் பணமும் மறைத்து முகாம்களுக்குக் கொடுத்தனுப்பினார், பிடிபட்டால் தலை போகும் என்று தெரிந்தே. ஆறு உயிர் கொடுத்தது.

அதே ஆறுதான் கொன்றது. 1943 மே மாதம் காலரா வந்தது. முகாம்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் கரையோரம். மேல் முகாமின் கழிவு மழையில் ஆற்றில் கலக்கும். கீழ் முகாமில் இருப்பவன் அந்தத் தண்ணீரைக் குடிப்பான். போர்க்கைதிகளுக்கு அவர்களுடைய டாக்டர்கள் இருந்தார்கள், கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதே, குவளையைச் சுடுதண்ணீரில் முக்கு, ஈயை விரட்டு என்று நடத்தினார்கள். அப்படியும் செத்தார்கள். நம் ஜனங்களுக்கு அத்தாப்புக் கூரை ஒழுகுகிற மூங்கில் கொட்டகை. டாக்டர் இல்லை, தலைவன் இல்லை, கொதிக்க வைக்கப் பாத்திரம்கூட இல்லை. வேலையை முடிக்கும் தேதியை முன்னுக்கு இழுத்துவிட்டதால் காய்ச்சல்காரனையும் எழுப்பி அடித்து ஓட்டினார்கள். ஒரே ஆறு, ஒரே வியாதி, ஒரே எஜமான். ஒரு கூட்டத்தில் ஐந்தில் ஒருவர் இறந்தார், இன்னொரு கூட்டத்தில் மூன்றில் ஒருவருக்கு மேல். இந்த வித்தியாசத்துக்குள்தான் என்னுடைய துப்பறியும் நாவல் இருக்கிறது.

காலராவுக்கு அடுத்த கொலைகாரன் மலேரியா. இங்கே நம்ம மலை கதைக்குள் வருகிறது.

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் பாதையில் பைக்காரா தாண்டினால் நடுவட்டம். அங்கே ஏன் அவ்வளவு பெரிய பழைய கட்டடங்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? 1860-ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனாவைக் கொண்டுவந்தார். நம் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர்தான் அதைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்துக் காட்டினார். அந்தப் பட்டையிலிருந்து கொயினா. பழைய ஆட்கள் கொயினா மாத்திரை என்றாலே முகம் சுளிப்பார்கள், அத்தனை கசப்பு. அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர்களில், மலாயாக் கரையின் ஆங்கிலேயக் குடியேற்றங்களில் சிறை கொள்ளாமல் இங்கே அனுப்பப்பட்ட சீனக் கைதிகளும் உண்டு. விடுதலையானபின் சிலர் இங்கேயே தங்கி, தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு, காய்கறி போட்டுப் பிழைத்ததைத் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். அவர்களை அடைத்திருந்த சிறைக்கூடம் இன்றும் நடுவட்டத்தில் இருக்கிறது. போகிற வழியில் இறங்கிப் பாருங்கள். அங்கிருந்து கைதி இங்கே. இங்கிருந்து கூலி அங்கே. கடல் நடுவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது!

பிற்பாடு டச்சுக்காரர்கள் ஜாவாவில் நம்மைவிட நல்ல ரகம் வளர்த்துச் சந்தையைப் பிடித்துவிட்டார்கள். யுத்தத்துக்கு முன் உலகக் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாதான். 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானியர் கையில் விழுந்தது. நேச நாடுகள் கொயினா இல்லாமல் தவித்து, செயற்கை மருந்து தேடின. அப்போது நீலகிரிப் பட்டைக்கு வந்த மதிப்பைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். உலகத்துக் கொயினாவின் சாவி யார் கையில் இருந்ததோ, அவர்களுடைய ரயில் பாதையில்தான் தமிழன் மலேரியாவில் செத்தான். மருந்து இல்லாமல் சாவது விதி. மருந்துக் கிடங்கின் சாவியை வைத்திருப்பவன் காவலில் சாவது வேறு. அதற்கு நீதிமன்றத்தில் ஒரு பெயர் இருக்கிறது, வக்கீல் நண்பர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள், அவர்களே சொல்லட்டும்.

நீதிமன்றமும் கூடியது. 1946 ஜனவரி 21-ல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் முதல் போர்க்குற்ற வழக்கை எடுத்தது. முதல் வழக்கே இந்தியச் சிப்பாய்களைப் பற்றியது. சிங்கப்பூரிலிருந்து பலாவ் தீவுக்குக் கப்பலில் கொண்டுபோய்க் கொடுமை செய்யப்பட்ட இந்தியப் போர்க்கைதிகள். அங்கே மொத்தம் 131 வழக்குகள். ரயில் பாதைக் கட்டுமானத்துக்குத் தலைமை வகித்த ஜெனரல் இஷிடா எய்குமாவும் நான்கு அதிகாரிகளும் 1946 கடைசியில் கூண்டில் நின்றார்கள். இருவருக்குத் தூக்கு, இஷிடாவுக்குப் பத்தாண்டுச் சிறை. எஃப் ஃபோர்ஸ் என்ற 7,000 போர்க்கைதிகளில் சில மாதங்களுக்குள் 3,000-க்கு மேற்பட்டவர்கள் இறந்ததற்குத் தனி வழக்கு. வழக்குகளின் பெரும்பகுதி போர்க்கைதிகளைச் சுற்றியே நடந்தது. காரணம் எளிது. போர்க்கைதிக்கு எண் உண்டு, படைப்பிரிவு உண்டு, பெயர்ப் பட்டியல் உண்டு. ஒளித்து வைத்து நாட்குறிப்பு எழுதிய டாக்டர்கள் உண்டு. சாட்சி சொல்ல வந்தவர்கள் ஆங்கிலத்தில் சொன்னார்கள். தமிழ்க் கூலிக்கு என்ன இருந்தது? எந்தத் தோட்டத்து ஆள், எந்த முகாமில், எந்தத் தேதியில் என்று கேட்டால் எடுத்து நீட்ட ஒரு காகிதம் கிடையாது.

டோக்கியோவில் நடந்த பெரிய விசாரணையில் நம் நாட்டு நீதிபதி ராதாபினோத் பால் இருந்தார். 1948-ல் அத்தனை பேரையும் குற்றமற்றவர்கள் என்று தனித் தீர்ப்பு எழுதினார். ஜெயித்தவன் தோற்றவனை விசாரிக்கும் உரிமையைத்தான் அவர் கேள்வி கேட்டார். கொடுமை நடக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. இருந்தாலும் ஒரு தோட்டத்துக் கிழவி அந்த மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றும். நாவலாசிரியன் அவளை அங்கே கொண்டுபோய் உட்கார வைக்கலாம், சரித்திரக்காரனால் முடியாது.

துப்பறியும் கதைக்கு முதல் தேவை என்ன? கொலைகாரன் யார் என்பதல்ல. செத்தவன் யார் என்பது. பிணத்துக்குப் பெயர் தெரியாமல் எந்த இன்ஸ்பெக்டரும் இரண்டாவது அத்தியாயத்துக்குப் போக முடியாது. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கான கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 கல். புல்வெளியும் பூச்செடியுமாக அழகாக வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான கல்லில் பெயர், வயது, படைப்பிரிவு. தமிழனுக்கு அப்படி ஒரு கல் கிடையாது. 1990-ல் அங்கே கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது மொத்தமாகப் புதைக்கப்பட்டவர்களின் எலும்புகள் வெளியே வந்தன. 2023-ல் தமிழ்த் தொழிலாளர் நினைவாக அங்கே ஒரு நடுகல் நாட்டப்பட்டது, நல்ல காரியம். நம் மலையில் சோலூர் பக்கமெல்லாம் வீரக்கல் பார்த்திருப்பீர்கள். இன்னான் இன்ன சண்டையில் பட்டான் என்பதற்குத்தான் நம் முன்னோர் கல் நட்டார்கள். அங்கே நட்ட கல்லுக்கு ஒரே ஒரு குறை, இன்னான் என்பது இல்லை.

இன்னொரு கல்லும் அங்கே உண்டு. யாரும் எதிர்பார்க்காத கல். 1944-ல் ஜப்பானிய ரயில்வே படையே பாலத்துக்கு அருகில் இறந்தவர்களுக்கென்று ஒரு நினைவுத்தூண் எழுப்பியது. சுற்றிலும் பல மொழிகளில் பலகைகள். அதில் தமிழும் இருக்கிறது. கொன்றவர்கள் செத்தவனின் மொழியை மறக்கவில்லை. ஜெயித்தவர்கள் எடுத்த சினிமா மறந்துவிட்டது.

தமிழில் யாரும் எழுதவே இல்லையா என்றால், எழுதியிருக்கிறார்கள். மலேசியாவின் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், 1993-ல் வந்தது. அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். அவரே 'லங்காட் நதிக்கரை' என்று இன்னொரு ஆற்றங்கரை நாவலும் எழுதியிருக்கிறார். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972-லேயே யுத்தகாலத் தென்கிழக்காசியாவை நமக்குக் கொண்டுவந்தது. இவற்றையெல்லாம் நம் நூலகத்துக்கு வாங்கிப் போடவேண்டும் என்று சங்கத்துக்கு இங்கேயே விண்ணப்பம் வைக்கிறேன். ஆனால் இவை முகாமுக்குள் நடந்த வேதனையைச் சொல்கிற நாவல்கள். வழக்கைச் சொல்கிற நாவல் இன்னும் வரவில்லை. அழுகைக்கு நமக்கு எழுத்தாளர்கள் கிடைத்துவிட்டார்கள். குறுக்கு விசாரணைக்கு இன்னும் கிடைக்கவில்லை.

என் மனசில் இருக்கிற கதையைச் சொல்லிவிடுகிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உரிமை எதுவும் கேட்க மாட்டேன். ஒரு தோட்டத்துக் கிராணி. நம் எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளை என்போமே, அவர். தன் தோட்டத்து ஆட்களோடு அவரும் சயாமுக்குப் போகிறார். பழக்க தோஷத்தால் செக்ரோல் போடுகிறார். இன்றைக்கு வேலைக்கு வந்தவர் இத்தனை, காய்ச்சல் இத்தனை, செத்தவர் இன்னார் இன்னார். ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு கோடு. கிராணி ஒரு இரவு ஆற்றில் பிணமாக மிதக்கிறார். காலராவா, கொலையா? செக்ரோல் காணோம். படகுக்காரன் கைக்கு, அங்கிருந்து வியாபாரி கைக்கு என்று ஆற்றோடு அது கீழே இறங்குகிறது. 1946-ல் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளன் இருக்கிறான். அவனுக்கு மட்டும் அப்படி ஒரு நோட்டு இருப்பது தெரிகிறது. அதைத் தேடுவதுதான் கதை. கொலையாளியைப் பிடிப்பதைவிட, அந்த நோட்டைப் பிடித்து நீதிபதி முன்னால் ஒரு தமிழ்ப் பெயரை உரக்க வாசிக்க வைப்பதுதான் உச்சக்காட்சி. கதாநாயகி வேண்டும் என்றால் நடுவட்டத்துக் கொயினாத் தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண் ஒருத்தியை வைத்துக்கொள்ளுங்கள், கிராணியின் தங்கை. கடிதம் நின்றுபோன நாளை அவளுக்குத்தான் தெரியும்.

இதற்கு உழைப்பு வேண்டும். சிங்கப்பூர் வழக்குகள் 131-ஐயும் பற்றிய விவரங்களை அங்குள்ள ஒரு பல்கலைக்கழகம் இணையத்தில் தொகுத்து வைத்திருக்கிறது. காசு கிடையாது, விடுதி அறையில் படுத்துக்கொண்டே கைபேசியில் படிக்கலாம். சட்டம் படிக்கப்போகிறவர்கள் முதலில் அதைப் படியுங்கள். எது சாட்சியமாக ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது என்று பாருங்கள். கதைக்குப் பாதி முடிச்சு அதிலேயே கிடைக்கும்.

இன்னொரு பாதி வீட்டில் இருக்கிறது. அந்த நாளில் ஐந்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இப்போது தொண்ணூறை நெருங்கும். மலாயாவுக்குப் போய்த் திரும்பிய சொந்தம், திரும்பாத சொந்தம், இரண்டும் தமிழ்நாட்டில் சேலம், திருச்சி, தஞ்சாவூர் பக்கம் எந்த ஊரில் கேட்டாலும் ஒன்றிரண்டு இருக்கும். நம் மலையிலும் கங்காணிமார் ஆள் கூட்டி வந்தது அதே சமவெளிக் கிராமங்களிலிருந்துதான். அண்ணன் நீலகிரிக்கு, தம்பி பினாங்குக்கு என்று பிரிந்த குடும்பம் எத்தனையோ. அதனால் இந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது பெரியவர்களிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். சயாம் மரண ரயில் பற்றித் தெரியுமா என்று கேட்காதீர்கள், தெரியாது என்பார்கள். "நம்ம குடும்பத்துல வெளியூருக்குப் போயி திரும்பி வராதவங்க யாராச்சும் உண்டா பாட்டி?" என்று கேளுங்கள். சொல்கிற பெயரை, ஊரை, அவர் யாருடைய மகன், யாருடைய கொழுந்தன் என்பதை அவர்கள் சொல்கிறபடியே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். நோட்டை நம் தமிழ்த்துறையில் கொடுக்கலாம் என்று துறைத்தலைவர் இப்போதுதான் தலையசைத்தார்; நான் பார்த்துவிட்டேன், இனி அவர் தப்ப முடியாது.

செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். அரை மணி என்றார், பத்து நிமிஷம் கூடுதலாக எடுத்துக்கொண்டேன். வெளியே மஞ்சு இறங்கிவிட்டது, சாப்பாடு ஆறிவிடும்.